எதிர்ல எரிமலை, காலுக்கு கீழ பிரமிடு: சோலூலா மலைக்கோயில் பத்தி கொஞ்சம் விளக்கமா

அந்த போட்டோ எடுக்கணும்னா நீங்க சர்ச்சுக்கு ஏறவே கூடாது. மஞ்சள் சர்ச் ஒண்ணு குன்று உச்சியில நிக்கும், அதுக்கு பின்னாடியே பனி படிஞ்ச எரிமலை ஒண்ணு புகை விட்டுட்டு இருக்கும், மெக்சிகோ பத்தின படங்கள்ல நிறைய பேர் பார்த்திருப்பீங்க, அது குன்றுக்கு கிழக்கு பக்கம் கீழ தெருவுல நல்லா தள்ளி நின்னு ஜூம் லென்ஸ் போட்டு எடுக்கறது. லென்ஸ் ரெண்டையும் ஒட்ட வச்ச மாதிரி காட்டும், நெஜத்துல நடுவுல 35 கிலோமீட்டர் இருக்கு. மேல ஏறிட்டீங்கன்னா சர்ச் உங்க முதுகுக்கு பின்னாடி போயிடும், எரிமலை மட்டும்தான் முன்னாடி இருக்கும். இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் அந்த படத்த மனசுல வச்சுட்டு மூச்சு வாங்க ஏறி மேல போய் தேடுறாங்க.

ஆனா மேல ஏறினாதான் வேற ஒரு விஷயம் புரியும், அத பத்திதான் எழுத வந்தேன். அந்த சர்ச், அந்த குன்று, அந்த எரிமலை மூணும் தனித்தனி கிடையாது. எரிமலைய "பின்னணி"ன்னு நெனச்சு பார்த்துட்டு இறங்கி வந்துட்டா பாதி கதைய விட்டுட்டு வந்த மாதிரி.

ஊர் பேரு சோலூலா. மெக்சிகோவோட பூவெப்லா மாநிலத்துல, பூவெப்லா நகரத்துக்கு மேற்கால ஒட்டினாப்ல இருக்கு, மெக்சிகோ சிட்டியில இருந்து சுமார் 120 கிலோமீட்டர். சர்ச்சோட பேரு ரெமேதியோஸ் மாதா கோயில், ரெமேதியோஸ்னா பரிகாரம், மருந்துன்னு அர்த்தம், நம்ம பாஷைல சொல்லணும்னா குறை தீர்க்குற மாதா. ஊரே கடல் மட்டத்துல இருந்து 2,150 மீட்டர் உயரத்துல இருக்கு, அதனால குன்று சின்னதா தெரிஞ்சாலும் ஏறும்போது நெஞ்சு படபடன்னு அடிக்கும், அவசரப்படாம ஏறுங்க. கல்லு பாவின சரிவுப் பாதை, நடுவுல படிகள். வழியில கூடையில வறுத்த வெட்டுக்கிளி வச்சு விப்பாங்க, சாபுலீனேஸ்னு பேரு, எலுமிச்சை, உப்பு, மிளகாய் போட்டு மொறுமொறுன்னு இருக்கும், அந்த ஊர்ல அது சாதாரண நொறுக்குத்தீனி.

இப்ப முக்கியமான விஷயம். நீங்க ஏறுற அந்த குன்று குன்று இல்ல. ஒவ்வொரு கூடையா மண் சுமந்து, சுடாத பச்சை செங்கல் அடுக்கி மனுஷங்க கட்டின பிரமிடு. அடிப்பக்கம் ஒவ்வொரு பக்கமும் சுமார் 400 மீட்டர், உயரம் 60 மீட்டருக்கு முன்ன பின்ன, மொத்த கன அளவு சுமார் 44.5 லட்சம் கன மீட்டர்னு கணக்கு சொல்றாங்க. எகிப்துல இருக்குற கிசா பெரிய பிரமிடு சுமார் 25 லட்சம்தான். உயரத்துல கிசாகிட்ட நிக்க முடியாது, ஆனா கன அளவுல உலகத்துலயே பெரிய பிரமிடு இதுதான். ஒரே ஆளு ஒரே காலத்துல கட்டினதும் இல்ல, சுமார் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சு கி.பி. 9-ஆம் நூற்றாண்டு வரைக்கும் பழைய கட்டடத்த இடிக்காம அதுக்கு மேலயே புதுசா மூடி மூடி பெருசாக்கிட்டே போயிருக்காங்க, வெங்காயம் மாதிரி தோலுக்குள்ள தோல்.

இங்கதான் இணையத்துல ஒரு கதை சுத்துது, எனக்கு அது ரொம்ப வருத்தம். "ஸ்பானியர்கள் இது பிரமிடுன்னு தெரியாமலேயே மலைன்னு நெனச்சு மேல சர்ச் கட்டிட்டாங்க, 1910-ல ஆஸ்பத்திரி கட்ட தோண்டும்போதுதான் உலகத்துக்கே தெரிஞ்சுது"ன்னு. கேக்க நல்லா இருக்கும், ஆனா அப்படி இல்ல. ஸ்பானியர்கள் வர்றதுக்கு முன்னாடியே அங்க பூர்வகுடிகள் பேசின நாவாட்ல் பாஷைல அந்த இடத்துக்கு பேரு ட்லாச்சிவால்டெபெட்ல், அதுக்கு அர்த்தமே "செஞ்ச மலை", கையால செஞ்ச மலை. பேர்லயே இருக்கு. 16-ஆம் நூற்றாண்டுல வந்த பிரான்சிஸ்கன் துறவி மோட்டோலினியா, ஊர்க்காரங்க எழுப்பின மேடுன்னு இத பத்தி எழுதி வச்சிருக்காரு. 1800-களோட தொடக்கத்துல மெக்சிகோ வந்த ஜெர்மன் ஆய்வாளர் ஹம்போல்ட் இதுக்கு மேல ஏறி அளந்துட்டு போயிருக்காரு. அவருக்கு முன்னாடியே பூவெப்லா ரோடு போடும்போது பிரமிடோட ஒரு பக்கத்த வெட்டினதுல உள்ள ஒரு கல்லறை வெளிய வந்துச்சு. 1881-ல பாண்டலியர்ங்கற ஆய்வாளர் வந்து ஆராய்ச்சி பண்ணாரு. அப்புறம் எப்படி 1910 வரைக்கும் யாருக்கும் தெரியாம இருந்துச்சுன்னு சொல்ல முடியும்? அடிவாரத்துல மனநல ஆஸ்பத்திரி கட்டினது உண்மை, ஆனா "கண்டுபிடிச்ச" கதை உண்மையில்ல. தலைமுறை தலைமுறையா தங்களோட பாட்டன் பூட்டன் கட்டினதுன்னு தெரிஞ்சு அதுக்கு பேரும் வச்சு வாழ்ந்த ஜனங்கள, அவங்களுக்கே எதுவும் தெரியாதுங்கற மாதிரி காட்டுது அந்த கதை.

இன்னொரு தப்பும் இருக்கு. மெக்சிகோவ பிடிச்ச ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் வந்து பிரமிடு மேல இருந்த பெரிய கோயில இடிச்சுட்டு சர்ச் கட்டினாருன்னு சொல்லுவாங்க. 1519 அக்டோபர்ல கோர்டெஸ் தன் கூட்டாளிகளான பக்கத்து ட்லாஸ்கலா ஊர்ப் படையோட சோலூலாவுக்குள்ள வந்தப்போ பெரிய பிரமிடு ஏற்கனவே பல நூறு வருஷமா பயன்பாட்டுல இல்லாம மண்ணும் செடியும் மூடி கிடந்துச்சு. 12-ஆம் நூற்றாண்டு வாக்குல டோல்டெக்ங்கற பழைய நாகரிகத்து வழிவந்த ஜனங்க வந்து ஊர்ல கை ஓங்கினப்பவே வழிபாட்டு மையம் கீழ இறங்கிடுச்சு, கெட்சல்கோவாட்ல் சாமிக்கு புது பிரமிடு கீழ கட்டினாங்க, தூர தூரத்துல இருந்து யாத்திரை வந்தாங்க. கோர்டெஸ் தன்னோட கடிதத்துல இந்த ஊர்ல 430-க்கு மேல கோபுரங்கள எண்ணினேன்னு எழுதியிருக்காரு. அதே கடிதத்துலதான் கொஞ்ச நேரத்துல 3,000 பேர கொன்னதையும் எழுதியிருக்காரு. சதி பண்ணாங்க அதனால கொன்னோம்னு அவரு காரணம் சொன்னாரு, அந்த காரணத்த பத்தி இன்னும் சண்டை ஓயல. அந்த படுகொலை நடந்தது கீழ கெட்சல்கோவாட்ல் கோயில் முற்றத்துல. அந்த இடத்துலதான் இன்னைக்கு சான் கப்ரியேல் மடம் நிக்குது. அதனால "பழைய கோயில் மேல சர்ச்"ங்கறத பார்க்கணும்னா முதல்ல போக வேண்டியது அங்க, மலைக்கு இல்ல. மலை ஏறுறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷமாவது அந்த முற்றத்துல நின்னுட்டு போங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

அப்படின்னா குன்று உச்சி சும்மா கிடந்துச்சான்னா அதுவும் இல்ல. மேல ஒரு சின்ன சன்னதி இருந்துச்சு, ஒன்பது மழைன்னு பேரு கொண்ட மழை சாமிக்கு, நாவாட்ல்ல சிக்கோனவ்கியாவிட்ல். மழை இல்லாம போச்சுன்னா ஜனங்க மேல ஏறி வேண்டுவாங்க, குழந்தைகள பலி குடுத்ததாவும் ஸ்பானிய பதிவுகள்ல இருக்கு. மோட்டோலினியா ஒண்ணு எழுதியிருக்காரு, துறவிகள் அந்த உச்சியில சிலுவை நட்டாங்க, இடி விழுந்து ஒடஞ்சுது, மறுபடி நட்டாங்க, மறுபடியும் இடி, மூணாவதும் அப்படியே. அப்புறம் தோண்டி பார்த்தா உள்ள பழைய சிலைகள். அவரு அத கடவுளோட கோபம்னு எடுத்துக்கிட்டாரு. சமவெளி நடுவுல தனியா எழும்பி நிக்கிற மேட்டு உச்சியில மரக் கம்பம் நட்டா இடி விழத்தான செய்யும்? ஆனா அந்த ஊர் ஜனங்க மனசுல எப்படி பட்டிருக்கும்னு யோசிங்க, மழை சாமி இடத்துல இடி விழுது.

சர்ச் கட்ட ஆரம்பிச்சது 1590-கள்ல, 1629-ல முடிஞ்சுதுன்னு சொல்றாங்க. உள்ள தங்க முலாம் பூசின அலங்காரம், நடுவுல பீடத்துல மாதா சொரூபம், ரொம்ப சின்னது, பொம்மை அளவுதான், அவ்ளோ பெரிய மேட்டுக்கு மேல அவ்ளோ சின்ன மாதாவான்னு முதல் தடவ பார்க்கறப்ப தோணும். குவிமாடத்துல பூவெப்லாவோட தலவேராங்கற வண்ணப் பளபளப்பு ஓடுகள் பதிச்சிருக்கும். இன்னைக்கு நாம பார்க்கிற கட்டடம் அப்படியே 1629-ல கட்டினது இல்ல. 1864-ல நிலநடுக்கத்துல இடிஞ்சு திரும்ப கட்டினாங்க, பத்து வருஷம் ஆச்சு. 1999 ஜூன்ல திரும்ப அடி. 2017 செப்டம்பர் 19, நிலநடுக்க அளவு 7.1, பூவெப்லா மாநிலமே ஆடுச்சு, மணிக்கோபுரங்கள் சேதமாச்சு, ரிப்பேர் வேல ரொம்ப நாள் இழுத்துச்சு.

இந்த நிலநடுக்கமும் எதிர்ல இருக்குற எரிமலையும் ஒரே தாய் பெத்த ரெண்டு புள்ளைங்க. பசிபிக் கரைக்கு அடியில கோகோஸ் தட்டுன்னு ஒரு கடலடித் தட்டு மெக்சிகோவுக்கு கீழ சரிஞ்சு போய்ட்டே இருக்கு. போற தட்டு உள்ள ஒடையும்போது நிலநடுக்கம், அது ஆழத்துல போய் அதுல இருக்குற நீர் மேல இருக்குற பாறைக்குள்ள ஏறினா பாறை உருகும், உருகினது மேல வந்தா எரிமலை. மெக்சிகோவ கிழக்கு மேற்கா குறுக்க வெட்டிட்டு போற எரிமலை வரிசை அப்படி வந்ததுதான். அதனால எரிமலை காட்சி வேணும், ஆனா நிலநடுக்கம் வேண்டாம்னு அந்த ஊர்ல கேக்க முடியாது. சர்ச்ச எது அழகாக்குதோ அதுவேதான் ஒடைக்கவும் செய்யுது.

எரிமலையோட பேரு பொபோகாட்டேபெட்ல், சுருக்கமா பொபோ, நாவாட்ல்ல "புகையுற மலை". 5,426 மீட்டர். சர்ச் வாசல் தளத்துல நின்னு மேற்க பார்த்தா கிட்டத்தட்ட நேரா, லேசா இடது பக்கம் அழகான கூம்பு அது. அதுக்கு வலது பக்கம் நீளமா படுத்த மாதிரி தெரியறது இஸ்தாக்சீவாட்ல், "வெள்ளைப் பெண்", 5,230 மீட்டர், அது தூங்கிட்டு இருக்கு. தலை, மார்பு, முழங்கால், பாதம்னு மலை முகடுகளுக்கு ஊர்ல பேரே வச்சிருக்காங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற கணவாய் வழியாதான் கோர்டெஸ் சோலூலாவ விட்டுட்டு ஆஸ்டெக் தலைநகருக்கு போனாரு, இன்னைக்கும் அதுக்கு கோர்டெஸ் கணவாய்னுதான் பேரு. இந்த ரெண்டு மலைக்கும் ஊர்ல ஒரு கதை உண்டு, போர்வீரன் சண்டைக்கு போனான், செத்துட்டான்னு பொய் சேதி வந்துச்சு, இளவரசி துக்கத்துல உயிர விட்டா, திரும்பி வந்தவன் அவள தூக்கிட்டு போய் மலையில கிடத்தி பக்கத்துலயே தீப்பந்தத்தோட உக்காந்துட்டான், அந்த பந்தத்தோட புகைதான் நாம பார்க்கறது. திரும்பி வடகிழக்க பார்த்தா லா மாலிஞ்சே, 4,400 மீட்டருக்கு மேல. நல்ல தெளிவான நாள்ல கிழக்க ரொம்ப தூரத்துல மெக்சிகோவோட உயரமான மலையே, ஓரிசாபா, 5,636 மீட்டர், வெள்ளையா ஒரு முனை மட்டும் தெரியும். ஒரே இடத்துல நின்னு நாலு எரிமலை, நாலுமே 4,000 மீட்டருக்கு மேல!

இப்ப பிரமிடுக்கும் எரிமலைக்கும் என்ன சம்பந்தம்னு வர்றேன், எனக்கு இதுலயே ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான். கி.பி. முதல் நூற்றாண்டுல பொபோ பெருசா வெடிச்சுது. அதோட வடகிழக்கு சரிவுல டெடிம்பான்னு ஒரு கிராமம், வீடுகள், வரப்பு போட்ட மக்காச்சோளக்காடு எல்லாம் எரிமலைக் கல்லுக்கும் சாம்பலுக்கும் அடியில போயிடுச்சு. தொல்லியலாளர்கள் பாட்ரிசியா பிளங்கெட், காப்ரியேலா உருன்யுவேலா ரெண்டு பேரும் பல வருஷம் அங்க தோண்டினாங்க. வீட்டு முற்றத்து நடுவுல அவங்களுக்கு என்ன கிடைச்சுது தெரியுமா, சின்ன சின்ன எரிமலை! கூம்பா களிமண், கல் வச்சு செஞ்சு உள்ள புகைபோக்கி வச்சு, அடியில நெருப்பு போட்டா மேல புகை வர்ற மாதிரி. அதாவது அந்த ஜனங்க தங்களோட வாசல்லயே பொபோவ செஞ்சு வச்சு கும்பிட்டிருக்காங்க, அதே பொபோ அவங்க ஊர மூடிடுச்சு. தப்பிச்சு போனவங்க எங்க போவாங்க, கீழ சமவெளிக்குதான், அந்த சமவெளியில வளர்ந்த ஊர்தான் சோலூலா. இந்த இடப்பெயர்வும் பெரிய பிரமிடு எழும்பினதும் தொடர்புடையதுன்னு அந்த ஆய்வாளர்கள் சொல்றாங்க. யோசிச்சு பாருங்க, வாசல்ல முழங்கால் உயரத்துக்கு மலை செஞ்சவங்களோட வாரிசுங்க சமவெளிக்கு வந்து ஊர் நடுவுல நெஜமாவே மலை அளவுக்கு ஒண்ணு கட்டறாங்க, அடியில ஒரு ஊத்து தண்ணி இருக்குற இடமா பார்த்து. மலைன்னா உள்ள தண்ணி இருக்குற இடம்ங்கறது அந்த பக்கத்து நம்பிக்கை. மேகம் மலையில தங்குது, மழை மலையில இருந்து வருது, ஆறு மலையில இருந்து வருது. அப்ப மழை கேக்கணும்னா மலைகிட்டதான கேக்கணும்? பிரமிடோட முகமும் மேற்க, கோடையில சூரியன் வடக்க எவ்ளோ தள்ளி மறையுமோ அந்த திசைய பார்த்த மாதிரி திரும்பி இருக்கு, அதாவது எரிமலைங்க இருக்குற பக்கம்.

உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சது சுரங்கத்தாலதான். மேல சர்ச் இருக்கு, ஜனங்க கும்பிடறாங்க, மேட்ட பிரிச்சு பார்க்க முடியாது. அதனால 1931-ல இருந்து கட்டடக் கலைஞர் இக்னாசியோ மார்க்கினா தலைமையில ஆள் நிமிர்ந்து போற அளவுக்கு குடைஞ்சாங்க, மொத்தம் சுமார் 8 கிலோமீட்டர் சுரங்கம். பழைய பிரமிடோட படிகளும் சுவர்களும் அப்படியே உள்ள நிக்குது. 1969-ல "குடிகாரர்கள்"னு பேர் வச்ச ஒரு பெரிய சுவரோவியம் கிடைச்சுது, 50 மீட்டருக்கு மேல நீளம், கத்தாழையில இருந்து எடுக்குற புல்கேங்கற கள்ளை கும்பலா உக்காந்து குடிக்கிற காட்சி, நூறு பேருக்கு மேல. தொல்லியல் பகுதிக்கு தனியா டிக்கெட், மேல சர்ச்சுக்கு போக டிக்கெட் கிடையாது. சுரங்கம் சில சமயம் மூடி வச்சிருப்பாங்க, அதனால அதுக்காகவே போறதா இருந்தா முன்கூட்டியே கேட்டுக்கோங்க.

மழை சாமி இடத்துல மாதா வந்தது பத்தி திரும்ப சொல்லணும். சர்ச் வந்ததோட மழை கேக்கறது நிக்கல. இன்னைக்கும் வருஷா வருஷம் மே கடைசி, ஜூன் தொடக்கம், அதாவது விதைக்கிற காலத்துல, மாதாவ மலையில இருந்து கீழ இறக்குவாங்க, "லா பஹாதா", இறங்குதல்னு பேரு, பவனியா ஊர் பேட்டைகளுக்கு எல்லாம் போகும், தெருவுல பூவும் வண்ண மரத்தூளும் போட்டு கோலம் மாதிரி விரிப்பாங்க. செலவு, ஏற்பாடு எல்லாம் பேட்டைகள் முறை வச்சு எடுத்துக்கறது, அந்த வருஷப் பொறுப்பாளர மயோர்தோமோம்பாங்க. செப்டம்பர் 8 மாதா திருவிழா, அன்னைக்கு மலைப்பாதையில கால் வைக்க இடம் இருக்காது. அந்த இடத்து மேல ஊருக்கு எவ்ளோ பாசம்னா, 2014-ல பிரமிட சுத்தி பூங்கா கட்டறோம்னு நிலம் எடுக்க கிளம்பினப்போ ஊர்க்காரங்க கைகோத்து பிரமிட சுத்தி நின்னாங்க.

எரிமலைக்கும் இதே மாதிரிதான். பொபோ அடிவாரத்து கிராமங்கள்ல அதுக்கு பேரு தோன் கோயோ, கிரெகோரியோ ஐயான்னு வச்சுக்கோங்க, வயசான பெரியவர் உருவத்துல ஊருக்குள்ள வருவாருன்னு நம்பிக்கை. மார்ச் 12, புனித கிரெகோரி நாள், அவருக்கு பிறந்தநாள். சாந்தியாகோ ஹலிட்சின்ட்லா கிராமத்துல இருந்து பழம், சாப்பாடு, துணிமணி எல்லாம் தூக்கிட்டு மேல போவாங்க, முன்னாடி போறவரு டியம்பேரோ, மழை கேக்க தெரிஞ்சவர். 70 வருஷத்துக்கு கிட்ட அமைதியா இருந்த பொபோ 1994 டிசம்பர் 21-ல திரும்ப எழுந்துச்சு, அதுல இருந்து இன்னும் அடங்கல. 2000 டிசம்பர்ல பல்லாயிரக்கணக்கான பேர வெளியேத்தினாங்க. 2023 மே மாசம் சாம்பல் கொட்டி பூவெப்லா, மெக்சிகோ சிட்டி விமான நிலையங்கள கொஞ்ச நேரம் மூடினாங்க, எச்சரிக்கைய மஞ்சள் மூணாம் கட்டத்துக்கு ஏத்தினாங்க. பச்சை, மஞ்சள், சிவப்புன்னு டிராஃபிக் சிக்னல் மாதிரி மூணு கலர் வச்சுதான் சொல்லுவாங்க, செனாப்ரெட்ங்கற தேசிய பேரிடர் தடுப்பு மையம் தினமும் அறிக்கை விடும். கிளம்பறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ பார்த்துக்கோங்க. 35 கிலோமீட்டர்ல இருக்குற சோலூலாவுக்கு பெரும்பாலும் சாம்பல்தான் வரும், முகமூடி ஒண்ணு பையில இருந்தா போதும், காண்டாக்ட் லென்ஸ் போடறவங்க அன்னைக்கு கண்ணாடி போட்டுக்கறது நல்லது.

எப்ப போகணும்னா நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும், காலையில, சூரியன் உங்க முதுகு பக்கம் இருக்கும், வெளிச்சம் நேரா எரிமலை மேல விழும், பனியும் புகையும் தனித்தனியா தெரியும். சாயங்காலம் போனா சூரியன் எரிமலை பக்கமே இறங்கும், கூம்பு கருப்பா வெட்டி வச்ச மாதிரி நிக்கும், அதுவும் வேற அழகு, காற்று மட்டும் குளிரும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மதியத்துக்கு மேல மேகம் வந்து எரிமலைய மூடிடும், சாயங்காலம் மழை அடிக்கும். அந்த மாசங்கள்ல போறவங்க விடியகாலையில ஏறுங்க. மே கடைசியில, ஜூன்ல போறவங்க மாதாவ பார்க்கணும்னா ஏறுறதுக்கு முன்னாடி கீழ யார்கிட்டயாவது கேட்டுக்கோங்க, இறங்குதல் நடக்குற நாட்கள்ல சொரூபம் மேல இருக்காது, ஏதாவது ஒரு பேட்டையில மழை கேட்டுட்டு இருப்பா.